மண்ணா கொன்றது?

மெக்சிகோ நாட்டின் தலைநகரம். 1985-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 19-ஆம் நாள். காலை மணி ஏழு அடித்துப் பதினேழு நிமிடம். சான் அன்டோனியோ அபாத் என்ற சாலையிலே மாடி மாடியாகத் தையற் கூடங்கள். சீமாட்டிகள் உடுத்தப்போகும் பகட்டான ஆடைகளைத் தைப்பதற்காகப் பாட்டாளிப் பெண்கள் இயந்திரங்களின் முன்னே குனிந்துவிட்ட நேரம். நிலம் ஆடிற்று. தூண்கள் முறிந்தன. மேல்தளம் கீழ்த்தளத்தின் மீதும், அது அதற்கும் கீழே இருந்த தளத்தின் மீதும் வந்து படிந்தது. நூற்றுக்கணக்கான பெண்கள் உள்ளே புதைந்தனர். நகரம் முழுவதிலும் மாண்டவர் பல்லாயிரம்.

இடிபாட்டுக்குள்ளிருந்து முனகல் கேட்டுக்கொண்டிருந்தபோதே, தையல் இயந்திரங்களையும் பணப் பெட்டிகளையும் வெளியே எடுக்க முந்தினர் முதலாளிகள் சிலர் என்று உயிர் தப்பிய பெண்கள் குமுறினர். அந்தக் குமுறலே சங்கமாயிற்று. 'செப்டம்பர் 19' என்ற பெயரையே தாங்கி அந்த ஆண்டிலேயே எழுந்தது தையல் தொழிலாளர் சங்கம்.

தோழர்களே! நாம் கேட்பது ஒரே கேள்வி. அந்தப் பெண்களைக் கொன்றது எது? மண்ணா?

நில நடுக்கம் பிறந்த இடம் அந்த நகரமல்ல. பசிபிக் கடற்கரை ஓரத்திலே, முந்நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் அப்பாலே பிறந்தது. சென்னைக்கும் திருச்சிக்கும் இடையே உள்ள தொலைவைக் காட்டிலும் அதிகம். அவ்வளவு தூரம் நடந்து வந்த அதிர்ச்சி களைத்துப் போயிருக்க வேண்டாமா? களைத்துத்தான் வந்தது. ஆனால் மெக்சிகோ நகரம் அமர்ந்திருப்பது வற்றிப்போன ஓர் ஏரியின் மீது. அடியிலே இருப்பது பாறையல்ல, சேற்றுக் களிமண். களைத்து வந்த அதிர்ச்சியை அந்தக் களிமண் வாங்கிப் பெருக்கிற்று. ஏறத்தாழ இரண்டு வினாடிக்கு ஒரு முறை வீதம் ஊரையே முன்னும் பின்னும் ஆட்டிற்று.

ஊஞ்சலைப் பார்த்திருக்கிறோம். அதற்கென்று ஒரு தாளம் உண்டு. அந்தத் தாளம் அறிந்து தள்ளினால், சிறு பிள்ளையின் கை போதும், ஊஞ்சல் உத்தரத்தைத் தொடும். தாளம் தப்பித் தள்ளினால் பயில்வானே தள்ளினாலும் ஆட்டம் ஏறாது. கட்டடமும் அப்படித்தான். ஒவ்வொரு கட்டடத்திற்கும் ஒரு தாளம். ஒரு மாடி வீடு படபடவென்று துடிக்கும். பத்து மாடி ஏறத்தாழ ஒரு வினாடிக்கு ஒரு முறை அசையும். மேலும் உயர்ந்தால் இன்னும் மெல்ல அசையும். ஆட ஆடத் தூண்களிலே விரிசல் காணும். விரிசல் காணக் காணத் தாளமும் தாழும். மெக்சிகோவிலே ஆறு முதல் பதினைந்து மாடி வரை உள்ள கட்டடங்கள் பலவற்றின் தாளம் களிமண்ணின் தாளத்தோடு சேர்ந்தது. சேர்ந்தவை சரிந்தன.

அதே நகரத்திலே, 1956-இல் கட்டி முடிக்கப்பட்ட நாற்பத்து நான்கு மாடிக் கோபுரம் ஒன்று உண்டு. 'லத்தீன் அமெரிக்கக் கோபுரம்' என்று பெயர். ஸீவார்ட் என்ற அந்நாட்டுப் பொறியாளரும், நியூமார்க் என்ற அமெரிக்கப் பேராசிரியரும் மண்ணைச் சோதித்து, தாளத்தைக் கணக்கிட்டு, அடித்தூண்களை ஆழமாக இறக்கி எழுப்பியது அது. 1957-இலே ஒரு நடுக்கம்; நின்றது. 1985-இலே பெரு நடுக்கம், நின்றது. உயர்ந்தது நின்றது; இடைப்பட்டவை விழுந்தன! அதே மண். அதே நாள். அதே நடுக்கம். ஒன்றிலே கணக்கு இருந்தது, மற்றவற்றிலே இல்லை. ஆகவே சொல்லுகிறோம்: மண் ஆடிற்று, கொன்றது மாடி!

ஆனால் இந்த உண்மையைக் காண மனிதன் எத்தனை நாள் எடுத்துக்கொண்டான் தெரியுமா? ஆதிசேடன் தலை மாற்றிக்கொண்டான் என்றனர். பூமாதேவிக்குக் கோபம் என்றனர். 1934-ஆம் ஆண்டு சனவரி 15-இல் பீகார் குலுங்கிற்று. பத்தாயிரத்திற்கும் மேற்பட்டவர் இந்தியாவிலும் நேபாளத்திலும் மாண்டனர். அந்தத் திங்களிலேயே திருநெல்வேலிக்கு வந்திருந்த காந்தியார், தீண்டாமை என்ற பாவத்திற்கு ஆண்டவன் தந்த தண்டனை இது என்று பேசினார். தீண்டாமையைக் காந்தியார் போலவே வெறுத்தவர் கவி தாகூர். ஆயினும் அவர் சும்மா இருக்கவில்லை. இயற்கையின் நிகழ்ச்சிக்கு இயற்கையிலேதான் காரணம் தேட வேண்டும் என்று மறுத்து எழுதினார். தீண்டாமை ஒழிய வேண்டியது, அது அநீதி என்பதற்காக. சுவர் விழாதிருக்க வேண்டியது, அதைச் சரியாகக் கட்டுவதால். இரண்டையும் குழப்பினால் தீண்டாமையும் ஒழியாது, சுவரும் நிற்காது.

இன்று கட்டடத்தின் தாளத்தைக் காண ஒரு புதிய கருவி வந்திருக்கிறது. 'நியூரல் நெட்வொர்க்' என்கிறார்கள். நரம்பு வலைப்பின்னல் என்று சொல்லலாம். கணினிக்குள்ளே அமைந்த ஒரு கணக்கு முறை அது. நில நடுக்கம் வந்தால் இந்தக் கட்டடம் எப்படி ஆடும், எந்தத் தளம் எவ்வளவு நகரும், எங்கே முறிவு காணும் என்பதை முன்கூட்டியே கணித்துச் சொல்ல அதைப் பழக்குகிறார்கள்.

"கணித்துச் சொல்லுவதா? அதைத்தான் எங்கள் தெருக்கோடிச் சோதிடரும் செய்கிறாரே!" என்று கேலி பேசும் நண்பருக்கு இரண்டு வார்த்தை.

முதலாவது, எந்த நாளிலே, எந்த மணியிலே நிலம் ஆடும் என்று இந்த வலைப்பின்னல் சொல்லுவதில்லை. அப்படிச் சொல்லும் வித்தை உலகிலே எவரிடமும் இன்று இல்லை. உண்டு என்பவன் ஏமாற்றுகிறான். வலைப்பின்னல் சொல்லுவது இதுதான்: "இப்படி ஓர் ஆட்டம் வந்தால், உன் கட்டடம் இப்படி ஆடும்."

இரண்டாவது, சோதிடர் சொன்னது பொய்த்தால் என்ன செய்கிறார்? தோஷம் என்பார், பரிகாரம் என்பார், கூடவே காணிக்கையும் கேட்பார். தம் கணக்கை மட்டும் திருத்தமாட்டார். வலைப்பின்னலோ, தவறு செய்து செய்தே கற்கிறது. தவறே அதற்குப் பள்ளிக்கூடம்.

எப்படிக் கற்கிறது? கட்டட வேலைக்கு வரும் புதுப் பையனை எண்ணிப் பாருங்கள். முதல் நாள் கலவை குழைக்கிறான். "தண்ணீர் அதிகமடா" என்கிறார் மேஸ்திரி. மறுநாள் குறைக்கிறான். "இப்போது கட்டியாகி விட்டது" என்கிறார். மீண்டும் கூட்டுகிறான். நூறு முறை திட்டு வாங்கிய பிறகு, பார்த்த மாத்திரத்திலே கலவையின் பதம் அவன் கைக்குத் தெரிகிறது. வலைப்பின்னலும் அப்படியே. நிலம் ஆடிய விதத்தை, வினாடிக்கு நூறு அளவு வீதம் எண்களாக்கி, அதனிடம் தருகிறார்கள். மாடியின் உச்சி எப்படி ஆடியிருக்கும் என்று கேட்கிறார்கள். முதலிலே உளறும். உண்மையிலே ஆடியது இவ்வளவு என்று காட்டுகிறார்கள். இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை அளந்து, உள்ளே இருக்கும் ஆயிரக்கணக்கான எடைகளைச் சிறிது சிறிதாகத் திருத்துகிறார்கள். மீண்டும் கேள்வி, மீண்டும் தவறு, மீண்டும் திருத்தம். தவறு தேய்ந்து தேய்ந்து சிறுத்த பிறகு, அதுவரை காட்டாத ஒரு நடுக்கத்தை எடுத்து முன்னே வைத்துச் சோதிக்கிறார்கள். தேறினால்தான் அதன் சொல்லுக்கு மதிப்பு.

கட்டடத்திற்கு நினைவு உண்டு, தோழர்களே! ஐந்தாம் வினாடியிலே பட்ட அடியால் தூணிலே விரிசல் கண்டால், பத்தாம் வினாடியிலே அது பழைய தூணல்ல. ஆகவே முன்னே பட்டதை மறவாத வலைப்பின்னல் தேவை. அத்தகைய நினைவு கொண்ட வகை ஒன்றை ஹோக்ரைட்டர், ஷ்மிட்ஹூபர் என்ற இருவர் 1997-இலே வெளியிட்டனர். அதை நில நடுக்கத்திலே ஆடும் கட்டடங்களுக்குப் பொருத்திப் பார்த்த ஆராய்ச்சி 2019-இலே வந்தது. அடுத்த ஆண்டு இன்னொரு படி ஏறினர்: விசை என்பது பொருண்மையும் முடுக்கமும் சேர்ந்தது என்று நியூட்டன் கண்ட விதியையே வலைப்பின்னலுக்குள் வைத்தனர். விதியை மீறி விடை சொன்னால், அதுவும் தவறென்று கணக்கிலே ஏறும். அப்படிக் கட்டுப்படுத்தினால் குறைந்த பாடத்திலேயே நிறையக் கற்கிறது.

பாடம் எங்கிருந்து வருகிறது? கலிபோர்னியாவிலே 1971-இல் சான் பெர்னாண்டோ நில நடுக்கம் வந்தது. அடுத்த ஆண்டே அந்த மாநிலம் ஒரு திட்டம் வகுத்தது. மருத்துவமனை, பாலம், அணை, ஓட்டல் என்று பல இடங்களிலே அதிர்வுமானிகளைப் பொருத்தினர். நிலம் குலுங்கும் ஒவ்வொரு முறையும் கட்டடத்தின் அசைவு பதிவாகிறது. சான் பெர்னார்டினோ நகரிலே ஆறு மாடி ஓட்டல் ஒன்று. பல ஆண்டுகளாகச் சிறிதும் பெரிதுமாக அது ஆடிய ஆட்டமெல்லாம் ஏட்டிலே இருக்கிறது. அந்த ஏட்டைக் கொண்டுதான் நாம் மேலே சொன்ன வலைப்பின்னல்களைச் சோதித்தனர்.

இதனால் கிடைக்கும் பயன் என்ன? ஒரு கட்டடத்தைத் தூண் தூணாக, உத்தரம் உத்தரமாகக் கணினியிலே வரைந்து, ஒரு நடுக்கத்திற்கு அது எப்படி முறியும் என்று பழைய முறையிலே கணக்கிட மணிக்கணக்காகும். நூறு நடுக்கங்களுக்குப் பார்க்க நாட்கணக்காகும். பழகிய வலைப்பின்னலுக்கோ சில வினாடி. ஒரு மாளிகைக்கு மட்டுமானால் பழைய முறை போதும். மாளிகைக்காரர் காத்திருப்பார், கட்டணமும் கொடுப்பார். இலட்சக்கணக்கான வீடுகள் நிறைந்த நகரத்திற்கு? எந்தத் தெருவிலே எந்த வீடு முதலிலே விழும், எதற்கு முதலிலே முட்டுக் கொடுக்க வேண்டும் என்று அறிய விரைவு வேண்டும். அந்த விரைவுதான் ஏழையின் வீட்டுக்கும் பொறியாளரின் கணக்கு வந்து சேர வழி திறக்கிறது.

வழி திறக்கிறது என்றோம். வந்து சேர்ந்துவிட்டது என்று சொல்லவில்லை. ஏன் என்பதையும் சொல்ல வேண்டும்.

குசராத்துக்குப் போவோம். 2001 சனவரி 26. குடியரசு நாள் காலை, எட்டே முக்கால் மணி. கட்சு மாவட்டத்திலே பூமி பிளந்தது. அஞ்சார் நகரிலே கொடி ஏந்தி ஊர்வலம் சென்ற பள்ளிக் குழந்தைகள் குறுகிய தெருவின் இருபுறமும் சரிந்த சுவர்களுக்கிடையே புதைந்தனர். அந்தக் கொடுமை ஒரு புறம். இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பாலே இருந்த அகமதாபாத்திலே என்ன நடந்தது? அங்கே ஒரு பாஸ்போர்ட் அலுவலகக் கட்டடத்திலே ரூர்க்கிப் பல்கலைக்கழகத்தார் வைத்திருந்த கருவி, நிலத்தின் ஆட்டத்தைப் பதிவு செய்தது. புவி ஈர்ப்பிலே ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. அவ்வளவே! அந்த ஆட்டத்திற்கே பல மாடிக் கட்டடங்கள் பல சரிந்தன. எழுநூறுக்கு மேற்பட்டவர் மாண்டனர்.

காரணத்தைத் தேடியவர்கள் கண்டது என்ன? கீழ்த்தளத்தைக் கார் நிறுத்தத் திறந்து விட்டிருந்தனர். சுவரில்லை, வெறும் தூண்கள். மேலே ஒவ்வொரு தளத்திலும் கனமான செங்கற் சுவர்கள். தலையிலே நெல் மூட்டை, காலோ மூங்கிற் குச்சி! ஆடும்போது மேல்மாடிகள் ஒரே பெட்டியாக நின்றன, ஆட்டம் முழுவதையும் கீழ்த்தூண்கள் வாங்கின, முறிந்தன. போதாதற்குத் தரக்குறைவான கான்கிரீட்டும், விதிப்படி கட்டாத கம்பியும்.

இப்போது எண்ணிப் பாருங்கள். அந்தக் கட்டடங்களின் வரைபடத்தை வலைப்பின்னலிடம் கொடுத்திருந்தால் என்ன சொல்லியிருக்கும்? வரைபடத்திலே பத்துக் கம்பி என்று இருந்து, தூணிலே எட்டுக் கம்பிதான் இருந்தால், பத்துக் கம்பிக் கட்டடத்தைப் பற்றித்தான் அது சொல்லும். "நிற்கும்" என்று சொல்லும். நிற்காது! இயந்திரம் பொய் சொல்லவில்லை. இயந்திரத்திடம் பொய் சொல்லப்பட்டது. நல்ல ஓட்டலின் ஏட்டை மட்டும் படித்த வலைப்பின்னல், நம் ஊர்ச் சந்திலே இட நெருக்கடியிலே எழுந்த நாலு மாடி வீட்டைப் பற்றி என்ன அறியும்? சிறு நடுக்கத்தை மட்டும் பார்த்தது, பெரு நடுக்கத்திற்கு என்ன விடை தரும்? கற்றதைத்தான் சொல்லும். எவருடைய வீடு பாடத்திலே இல்லையோ, அவருக்கு அந்த அறிவிலே பங்கில்லை.

அறிந்த பிறகும் அறியாதவர் போல் இருந்தால்? துருக்கி நாட்டிலே 2018-இல் ஒரு சட்டம் வந்தது. விதி மீறிக் கட்டிய கட்டடமா? தண்டத் தொகை கட்டு. பதிவுச் சீட்டு வாங்கிக்கொள். சட்டப்படி சரியாகிவிடும் என்றது. பணம் அரசுக்குச் சேர்ந்தது. சீட்டு உரிமையாளருக்குச் சேர்ந்தது. தூணுக்கு ஒரு கம்பிகூடச் சேரவில்லை! 2023 பிப்ரவரி 6-ஆம் நாள் விடியுமுன் 7.8 அளவிலே நிலம் குலுங்கிற்று. அந்நாட்டிலே மட்டும் ஐம்பதாயிரத்திற்கு மேற்பட்டவர் மாண்டனர். நில நடுக்கத்திற்குச் சீட்டுப் படிக்கத் தெரியாது, தோழர்களே!

"நமக்கென்ன? இது தமிழகம். இங்கே பெரு நடுக்கம் ஏது?" என்பாரும் உண்டு. கச்சிலும் இமயத்திலும் வருவது போல இங்கே வருவதில்லை என்பது உண்மை. ஆனால் 2002-இலே நில நடுக்க வரைபடத்தைத் திருத்தியபோது, சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்திற்கு உயர்த்தினர். அகமதாபாத்தும் மூன்றாம் மண்டலமே. சென்னையிலே தெருவுக்குத் தெரு கீழே கார், மேலே வீடு என்று எழுந்து நிற்கும் மாடிகளை நாம் பார்க்கவில்லையா? நிலம் ஆடவே வேண்டாம். 2014 சூன் 28-இலே சென்னைக்கு அருகே மவுலிவாக்கத்திலே, கட்டிக்கொண்டிருந்த பதினோரு மாடி சரிந்தது. மாண்டவர் 61 பேர். பெரும்பாலோர் அந்தக் கட்டடத்தைக் கட்டிய கைகளுக்குரியவர்கள். அதிலே குடியேறப் போகிறவர்களல்லர். ஒருநாளும் அதிலே குடியேற முடியாதவர்கள்!

ஆகவே நாம் சொல்லுகிறோம்: இந்தக் கருவியை வரவேற்போம். வரவேற்றுவிட்டுக் கணக்குக் கேட்போம்.

அரசு மருத்துவமனைகளிலும், பள்ளிகளிலும், ஏழைகளுக்கென்று கட்டிய அடுக்குக் குடியிருப்புகளிலும் அதிர்வுமானி பொருத்துக. கண்ணாடி மாளிகை அலுவலகங்களிலே மட்டும் வைத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று கூறாதீர். நம் வீடுகளும் பாடத்திலே இடம் பெறட்டும்.

பதிவான அளவுகளைப் பூட்டி வைக்காதீர். மாணவன் படிக்கட்டும்; பொறியாளர் ஆராயட்டும்.

கட்டடம் தேறாது என்று கணக்கு சொன்னால், அதைக் கோப்பிலே தூங்க விடாதீர். அங்கே குடியிருப்பவனுக்கு அவன் மொழியிலே சொல்லுக. சொல்லிவிட்டு வெளியே துரத்துவதல்ல. தூணைப் பலப்படுத்திக் கொடுக்க வேண்டும், அல்லது மாற்று வீடு தர வேண்டும். "ஆபத்தான கட்டடம்" என்ற சொல்லே ஏழையைக் காலி செய்யும் தந்திரமாகிவிடக் கூடாது.

இன்னொன்று. இது நம் தோழர்களுக்கே. தூணுக்குள்ளே நெட்டுக் கம்பிகளைச் சுற்றிக் கட்டுகிறோமே, 'ரிங்' என்று. அதன் முனையை வெறும் நேர்கோணத்திலே மடக்கி விடுவது எளிது. வேலையும் விரைவிலே முடியும். ஆனால் ஆட்டத்திலே மேற்பூச்சுக் கான்கிரீட் உதிர்ந்ததும், அந்த முனை விரிந்து கொடுக்கும், நெட்டுக் கம்பிகள் பிதுங்கும், தூண் நசுங்கும். முனையை 135 பாகைக்கு உள்நோக்கி மடக்கித் தூணின் வயிற்றுக்குள்ளே புதைத்தால், உதிர்ந்த பிறகும் பிடி விடாது. நில நடுக்கத்திற்குரிய கட்டட விதிகளிலே 1993 முதலே எழுதியிருப்பது இது. கூடுதலாக மடக்குவது ஒரு கை அசைவு. அந்த ஒரு கை அசைவிலே ஒரு குடும்பத்தின் உயிர் இருக்கிறது. "நேரமில்லை, சும்மா கட்டு" என்று கங்காணி அதட்டினால், ஏன் முடியாது என்று எடுத்துச் சொல்லும் அறிவு நம்மிடம் இருக்க வேண்டும். சொன்னதற்காக வேலையை விட்டு நிறுத்தினால், கேட்பதற்குச் சங்கம் இருக்க வேண்டும்.

கணினியிலே பிறக்கும் அறிவு கடைசியிலே வந்து சேருமிடம் கம்பி கட்டுபவரின் கைதான். அந்தக் கைக்கு விதியைக் கற்றுக் கொடுக்காமல், வேலைக்கேற்ற கூலி கொடுக்காமல், கருவிக்கு மட்டும் கோடி கொட்டினால் என்ன பயன்? வலைப்பின்னல் "விழும்" என்று மிகச் சரியாகச் சொல்லும். சொன்னபடியே விழும்.

சான் அன்டோனியோ அபாத் சாலையிலே மாண்ட பெண்களுக்கு, தங்கள் தலைக்கு மேலே இருந்த தளத்தின் தாளம் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. இன்று கேட்கக் கருவி இருக்கிறது. வினாடியிலே விடை தருகிறது. இனிமேல் ஒரு மாடி சரிந்து பாட்டாளி புதைந்தால், "இயற்கையின் சீற்றம்" என்று எவரும் கையைக் கழுவிக்கொண்டு போக முடியாது. போக விடவும் மாட்டோம்.

மண் ஆடும், அது மண்ணின் இயல்பு. மாடி நிற்க வேண்டும். அது மனிதனின் பொறுப்பு!